ஷூ குணாவின் ஹாட்ஸ்பாட்

அத்தியாயம் 3

ஜுபைர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் மாடிப்படி ஏறினான். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. உள்ளே நைஸாக நுழைந்து, காலையிலிருந்தே அங்கேயே இருந்தவன் மாதிரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவது அவன் திட்டம்.

“வாங்க ராஜா,” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். “செருப்பைப் போட்டுகினே வரலாம். நீ கீழ்ப்படியில கால் வச்சப்பவே தெரிஞ்சுபோச்சு.”

ஜுபைருக்கு முகம் தொங்கிப்போயிற்று.

தண்டையார்பேட்டையில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே இருக்கிறது ரமாபாய் துப்பறியும் நிலையம். படிக்கட்டு முழுக்கப் பட்டையும் கிராம்பும் மணக்கும். கஷ்டத்தோடு ஏறி வருகிறவர்கள் பசியோடு இறங்கிப் போவார்கள். ரமாபாய் வியாசர்பாடிக்காரி. ஒரு காலத்தில் செல்போன் டவர்களைப் பழுது பார்க்கும் கம்பெனியில் இருந்தவள். டவர் உச்சியில் நின்று ஊரைப் பார்த்த பெண்ணுக்குத் தரையில் யாரைப் பார்த்தும் பயம் வந்ததில்லை. அவளிடம் உதவியாளனாகச் சேருவதற்கு முன்னால் ஜுபைர் வண்ணாரப்பேட்டையில் போன் கவர் விற்றுக்கொண்டிருந்தான். இப்போதும் அவன் பேச்சில் பாதி வியாபாரம்தான்.

“எப்படிக்கா கண்டுபுடிச்ச? ஜின்னு ஏதாச்சும் வளக்கறியா?”

ரமாபாய் தன் போனைத் திருப்பிக் காட்டினாள். வைஃபை பெயர்களின் வரிசையில் மேலாக மின்னியது: ‘ஜுபைர் தி கிங்.’

“நேத்து உன் தோஸ்துக்கு ஹாட்ஸ்பாட்டு குட்த்துட்டு அணைக்க மறந்துட்ட. அது முன்னாடி வருது, நீ பின்னாடி வர்ற. கட்டியக்காரன் வச்சுகினு திருட்டுத்தனமா ஏறுற ராஜாவை இன்னிக்குத்தான் பாக்குறேன்.”

மூலை நாற்காலியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றும் போனது. டிரெய்லர் டிரைவர் குணசேகரன். நேற்று இவர்களிடம் வந்த கேஸ். சிரித்ததற்காக வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பாவம், அவன் நிலைமை அப்படி.

துறைமுகத்துக்குள் போகக் கன்டெய்னர் டிரெய்லர்கள் எண்ணூர் சாலையில் வரிசைகட்டி நிற்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. வரிசை நகர்ந்தால்தான் அதிசயம். அந்த வரிசையில் நிற்கும்போது குணசேகரனின் முதலாளி பொன்னுரங்கத்தின் வண்டிகளில் திருட்டு நடந்திருந்தது. கதவில் வைத்த சீல் அப்படியே இருக்கும். கீல் போல்ட்டைக் கழற்றிக் கதவைத் திறந்து, சரக்கை இறக்கிக்கொண்டு, சமர்த்தாகத் திரும்ப மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். முதலில் ஏற்றுமதிச் சட்டைகள் போயின. அப்புறம் மிளகு மூட்டைகள். கடைசியாகக் குணசேகரன் ஓட்டிய பெட்டி. போல்ட்டைக் கழற்றியிருந்தார்கள். ஆனால் உள்ளேயிருந்து ஒரு பிடி கூடப் போகவில்லை.

பொன்னுரங்கத்துக்கு அதுவே போதுமாயிருந்தது. ‘மத்தவன் வண்டியைச் சுரண்டினவனுங்க உன் வண்டியை மட்டும் தொறந்து பாத்துட்டு வுட்டுட்டுப் போறானுங்கன்னா, நீ அவனுங்க கூட்டாளி’ என்று சொல்லி வண்டிச் சாவியைப் பிடுங்கிவிட்டார். இன்று சாயங்காலத்துக்குள் நிஜத் திருடனைக் காட்டாவிட்டால் போலீஸில் குணசேகரன் பெயரை எழுதிக் கொடுப்பதாகக் கெடுவும் வைத்திருந்தார்.

“வேல போனாக்கூட வேற வேல தேடிக்குவேம்மா,” என்றான் குணசேகரன். “நேத்து வூட்டுல செங்கொடி சோத்தப் போட்டுட்டு, ‘நெசத்தச் சொல்லு, நீ எடுக்கலதான?’ன்னு கேட்டுட்டா. கட்டின பொஞ்சாதி. அதாம்மா தாங்கல.”

 ஜுபைர் அவசரமாகத் தன் புலன்விசாரணையை ஒப்பித்தான். “அந்தப் பஞ்சர் கடை பாஸ்கர் மேல டவுட்டுன்னு சொன்னேன்ல? வேஸ்டுக்கா. சம்பவத்தன்னிக்கு ஆளு திருத்தணியில மச்சினிச்சி புள்ளைக்குக் காது குத்திகினு இருந்திருக்கான். மொட்டத் தலையோட போட்டோ காட்டுறான். மொட்டையைப் பாத்தா பொய்யின்னு தோணல.”

“சரி, வுடு.” ரமாபாய் குணசேகரன் பக்கம் திரும்பினாள். “உன் பெட்டியில அன்னிக்கு இன்னா சரக்கு?”

“தேங்கா நார்த்தூளும்மா. செடிக்குப் போடறது. வெளிநாட்டுக்காரன் வாங்குறான்.”

“ஜுபைரு, நீ திருடன்னு வச்சுக்க. நார்த்தூளைத் திருடுவியா?”

“நான் மானஸ்தன்க்கா.”

“அப்ப அவன் இன்னாத்துக்குப் போல்ட்டைக் கழட்டினான்?”

 கீழே பிரியாணி தம் உடைக்கிற வாசனை மேலே வந்தது.

“உள்ள வேற ஏதோ கீதுன்னு நெனச்சுத் தொறந்திருக்கான்,” என்றாள் ரமாபாய். “தொறந்தா நார்த்தூளு. காறித் துப்பிட்டுப் போயிட்டான். இப்ப யோசி. குணாவுக்கு நார்த்தூள்னு தெரியும். மொதலாளிக்குத் தெரியும். ஆபீஸ்ல அத்தினி பேருக்கும் தெரியும். தெரிஞ்ச எவனும் தகவல் குட்த்திருந்தா இந்தப் பெட்டியைத் தொட்டிருக்கவே மாட்டானுங்க. குணா, உன் மேல தப்பு இல்லன்றதுக்கு உன் நார்த்தூளே சாட்சி.”

குணசேகரன் எழுந்தே நின்றுவிட்டான். ஜுபைர் மேஜையைத் தட்டினான். “அக்கா, நீ ரெண்டாவது மாடியில இருக்க வேண்டியவளே இல்ல!”

“குந்து. இன்னும் முடியல. நார்த்தூளுக்கு முன்னாடி நடையில இன்னா ஏத்தின?”

“ஷூம்மா. ஆம்பூர் ஷூ.”

“வரிசையில உன்னை எப்படிக் கூப்புடுவாங்க?”

குணசேகரனுக்குச் சிரிப்பு வந்தது. “அங்க யாரும் பேரு சொல்லிக் கூப்புட மாட்டாங்க. சரக்குதான் பேரு. ‘இன்னா எறா, சாப்ட்டியா?’ ‘டேய் மொளகா, வண்டிய எடு.’ அப்படித்தான். நான் அந்த நடையில ஷூ.”

“வரிசையில போனுக்கு நெட்டு எப்படி?”

“மாத்தி மாத்தித் தொறந்து வுடுவோம். நம்ம நெட்டு தீந்துச்சுன்னா பக்கத்து வண்டிக்காரன் நெட்டு. யாரு நெட்டு ஓடுதுன்னு தெரியணும்ல, அதுக்காவ ஹாட்ஸ்பாட்டுக்கும் அந்தப் பேரையே...” குணசேகரனின் குரல் அங்கேயே நின்றுபோயிற்று.

“தொற,” என்றாள் ரமாபாய்.

அவன் தன் போனில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்தான். மறு நொடி ரமாபாயின் போனில் ‘ஜுபைர் தி கிங்’குக்குக் கீழே ஒரு பெயர் வந்து உட்கார்ந்தது: ‘ஷூ குணா.’

“யா அல்லா!” ஜுபைர் தலையில் கை வைத்துக்கொண்டான். “கதவுக்கு சீலு, சீலுக்கு நம்பரு, அதைப் பாக்க ஆபீசரு. இந்தாளு இன்னான்னா உள்ள இன்னா கீதுன்னு ரோடு பூரா தண்டோரா போட்டுகினு போறாரு!”

“சரக்கு மாறிச்சு. பேரை மாத்தலயா?”

“மறந்துட்டேம்மா.”

“அந்த மறதிதான் உன்னைக் காப்பாத்திச்சு,” என்றாள் ரமாபாய். “மறக்காம மாத்துனவங்க சட்டையும் மொளகும் போச்சு. பாஸ்வேர்டு வேணாம், கனெக்ட் ஆவ வேணாம். போனை நிமித்திப் பிடிச்சுகினு வரிசையில நடந்தா போதும். எந்தப் பெட்டியில இன்னா கீதுன்னு காத்துலயே படிச்சுக்கலாம். அப்படிப் படிக்கிறவன் எவன்னு கண்டுபுடிக்கணும். ஜுபைரு, கிளீனரா வேஷம் போட ரெடியா?”

“வேஷம் எதுக்கு? மூஞ்சியே போதும்.”

மணலி புதுநகரிலிருந்த பொன்னுரங்கத்துக்கு ரமாபாய் போன் போட்டாள். ஒரு டிரெய்லர், ஒரு காலிப் பெட்டி, இன்று மதியத்துக்கு மட்டும் குணசேகரன் கையில் சாவி. கூடவே அவரும் வர வேண்டும், வெள்ளை வேட்டியோடு அல்ல, லுங்கியோடு. பொன்னுரங்கம் கத்தினார். ரமாபாய் நார்த்தூள் விஷயத்தைச் சொன்னாள். கத்தல் நின்றது.

மூன்று மணி வெயிலில் எண்ணூர் சாலை தகதகவென்று கொதித்தது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் புழுதி, நடுவில் நகராத வரிசை. சாலையோரம் பட்டம்மாள் மொபெட்டில் டீ கேனும் சுண்டல் சட்டியும் வைத்து வியாபாரம் செய்துகொண்டிருந்தாள். அவள் போட்ட பெஞ்சில் லுங்கியும் பனியனுமாகப் பொன்னுரங்கம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டீ கிளாஸோடு ரமாபாய்.

டிரெய்லர் வரிசையின் வாலில் வந்து சேர்ந்தது. புழுதிக்காக முகத்தில் துண்டு சுற்றியிருந்தான் குணசேகரன். அந்தச் சாலையில் பாதி டிரைவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். பக்கத்து சீட்டில் ஜுபைர். அவன் கையில் இரண்டு போன்கள். குணசேகரனுடையதில் ரமாபாய் லைனில் இருந்தாள். அவனுடையது ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவைத்துக் காத்திருந்தது. பெயர்: ‘செம்பு ஜுபைர்.’ செம்புக் கம்பி என்றால் எந்தத் திருடனுக்கும் எச்சில் ஊறும்.

“ஞாபகம் வச்சுக்க,” என்றாள் ரமாபாய் போனில். “எவன் கேட்டாலும் வாயால நார்த்தூள்னு சொல்லு. காத்துல மட்டும் செம்பு. எவன் காத்தை நம்புறானோ, அவன்தான் நம்மாளு.”

இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை. ஜன்னலுக்குக் கீழே ஒரு குரல் கேட்டது. “இன்னா செம்பு, டீ குடிக்கிறியா?”

ஜுபைர் சீட்டிலிருந்து எகிறிக் குதித்தான். “அக்கா! மாட்டிகினா! டீக்காரம்மாதான்! நான் அப்பவே நெனச்சேன்!”

“நீ இன்னா நெனச்ச?” என்று பட்டம்மாள் இடுப்பில் கை வைத்தாள். “யோவ் கிளீனரு, எந்த வண்டியில நெட்டு ஓடுதுன்னு பாத்துத்தான் நான் மத்தியானம் சீரியலு பாக்குறதே. இந்த ரோட்டுல அல்லாரும் அப்படித்தான். உன் பாஸ்வேர்டு இன்னா, பிரியாணியா?”

பிரியாணிதான். ஜுபைர் தன் போனை மடியில் கவிழ்த்துவைத்தான்.

“படிக்கிறவங்க அல்லாரும் திருடங்க இல்ல ஜுபைரு,” என்றது போன். “படிச்சுட்டு இன்னா செய்யறான்றதுதான் கணக்கு. டீ வாங்கிக் குடி.”

ஜுபைர் டீயைப் பாதி குடித்திருந்தபோது விசில் சத்தம் கேட்டது. ஆரஞ்சுச் சட்டை போட்ட ஜெயவேல் வந்துகொண்டிருந்தான். வரிசையை ஒழுங்குபடுத்துகிறவன். எந்த வண்டி முன்னே போக வேண்டும், எது ஓரங்கட்ட வேண்டும் என்பதெல்லாம் அவன் விசில் சொன்னபடிதான். ஒரு கையில் விசில். மறு கையில் போன்.

“இன்னா சரக்கு?”

“நார்த்தூளு சார்,” என்றான் ஜுபைர், முகத்தைப் பால்குடிப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு.

ஜெயவேல் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டு சுற்றிய டிரைவரையும் பார்க்கவில்லை. கையிலிருந்த போனைத்தான் பார்த்தான். விசிலை ஊதினான். “வரிசையில நிக்காத. உப்பு குடோன் செவுத்தோரமா ஒதுக்கு. ராத்திரி அங்கியே படுத்துக்க. காலையில வுடறேன்.”

குணசேகரனின் கை ஸ்டியரிங்கை இறுக்கியது. “பாய், அன்னிக்கும் இதே எடத்துலதான் ஒதுக்கச் சொன்னான்,” என்றான் துண்டுக்குள்ளிருந்து. “மறுநாள்தான் போல்ட்டு கழண்டு இருந்துச்சு.”

வண்டி சுவரோரம் போயிற்று. ஜுபைர் போனைக் காதில் வைத்தான். “அக்கா, புடிச்சுரலாமா?”

“எதை வச்சுப் புடிப்ப? ஓரங்கட்டச் சொல்றது அவன் வேல. ‘எடம் இல்ல, அதான் ஒதுக்கினேன்’னுவான். இப்ப பேரை மாத்து. நார்த்தூள்னு வையி.”

“எதுக்கு?”

“போன தடவ பழைய பேரை நம்பி மோசம் போனவன்டா. இப்ப உஷாரா கீறான். மாத்திட்டு வேடிக்க பாரு.”

ஜுபைர் மாற்றினான். ‘நார்த்தூள் ஜுபைர்.’

ஜெயவேல் நாலு வண்டி தள்ளிப் போய்விட்டு, போனைப் பார்த்தபடி திரும்பி வந்தான். நின்றான். போனைப் பார்த்தான். முகம் சுருங்கியது. விசில்! “சரி சரி, எடம் கீது. வரிசைக்கே போயிடு.”

குணசேகரன் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த நீள வண்டியைத் திருப்பி வரிசைக்குக் கொண்டுபோனான். பெஞ்சில் பொன்னுரங்கம் டீ கிளாஸை வாயருகில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“மறுபடியும் செம்பு,” என்றது போன்.

விசில்! “ஏய், ஒதுக்கு, ஒதுக்கு!”

“நார்த்தூளு.”

விசில்! “போ, போ, வரிசைக்குப் போ!”

ஜுபைருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு குலுங்கினான். வாழ்க்கையில் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியிராதவன், இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு விரலால் டிரெய்லரையும் ஆரஞ்சுச் சட்டையையும் சேர்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். முன் வண்டி டிரைவர்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள்.

“ஒரே ஒரு தடவ,” என்றாள் ரமாபாய். “செம்பு.”

இந்தத் தடவை விசில் வரவில்லை. ஜெயவேலே ஓடி வந்தான். முகமெல்லாம் வேர்வை. வண்டிக் கதவை ஓங்கி ஓங்கிக் குத்தினான்.

“யோவ்! உன் வண்டியில இன்னாதான்யா கீது? செம்பா, நார்த்தூளா? ஏதாச்சும் ஒரு பேரா வச்சுத் தொலையேன்! பேஜாரு புடிச்சவனே!”

 ஜுபைர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

“நான் நார்த்தூள்னுதானே சார் சொன்னேன்? செம்புன்னு யாரு சொன்னது?”

 ஜெயவேலின் கண் பெஞ்சுப் பக்கம் போனது. அங்கிருந்து ரமாபாய் எழுந்து வந்துகொண்டிருந்தாள்.

“போன்ல தெரியுது... அல்லாருக்கும்தான் தெரியுது...”

“ஆமா. பட்டம்மா படிச்சா டீ வருது. நீ படிச்சா வண்டி செவுத்தோரம் போவுது,” என்றாள் ரமாபாய்.

ஜெயவேல் ஓடப் பார்த்தான். துண்டை அவிழ்த்தெறிந்துவிட்டுக் கீழே குதித்த குணசேகரன் அவன் சட்டையைப் பிடித்தான். சட்டைப் பையிலிருந்து கனமான ஒரு ஸ்பேனர் ‘டங்’கென்று ரோட்டில் விழுந்தது. கன்டெய்னர்க் கதவு போல்ட்டுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது அது. வரிசை ஒழுங்குபடுத்துகிறவனுக்கு அதனால் ஆகப்போகிறது ஒன்றுமில்லை.

பொன்னுரங்கம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். “இவன வேலைக்கு வச்சவன் யாருன்னு எனக்குத் தெரியணும்! போலீஸ்ல போட்ட ஆளுதானே இவன்?”

“போலீசா? போர்ட்டுல போட்ட ஆளுன்னுல்ல நாங்க நெனச்சோம்,” என்றார் ஒரு டிரைவர்.

“நீங்க மொதலாளிங்க சேந்து வச்ச ஆளுன்னு எங்க வண்டியில பேசிக்கினாங்க,” என்றார் இன்னொருவர்.

ரமாபாய் ஜெயவேலைப் பார்த்தாள். “உன்னை யாரு வேலைக்கு வச்சாங்க?”

ஜெயவேல் தரையைப் பார்த்தான். “யாரும் வைக்கல,” என்றான் மெதுவாக. “சட்டையும் விசிலும் மூலக்கொத்தளத்துல ஒரு கடையில வாங்கினேன். வந்து ஊதினேன். வண்டிங்க நகந்துச்சு.”

 பட்டம்மாள்தான் முதலில் சுதாரித்தாள்.

“அடப்பாவி! போர்ட்டு ஆபீசருன்னு நெனச்சு தினம் ஓசி டீ குட்த்துகினு கீறேனே! சுண்டலு வேற!”

அவள் கரண்டியோடு பாய்ந்ததைத் தடுக்க இரண்டு டிரைவர்கள் தேவைப்பட்டார்கள். நிஜ போலீஸ் வந்து ஜெயவேலைக் கூட்டிக்கொண்டு போனபோது, அவன் முகத்தில் கொஞ்சம் நிம்மதி கூடத் தெரிந்தது.

பொன்னுரங்கம் குணசேகரன் முன்னால் நின்றார். சாவி குணசேகரனிடமே இருந்தது. திரும்பக் கொடுக்கிற மரியாதைக்குக் கூட வழியில்லை. “உன் கையிலயே இருக்கட்டும்,” என்றார். லுங்கி மடிப்பைச் சரிசெய்துகொண்டே, “நான் அவசரப்பட்டுட்டேன் குணா. மனசுல வச்சுக்காத,” என்றார். அந்த மனுஷர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிசு.

ரமாபாய் டிரைவர்களைச் சுற்றி நிறுத்தி வைத்துக்கொண்டு பாடம் எடுத்தாள். போன் சும்மா இருக்காது, பாக்கெட்டில் இருந்தாலும் காற்றில் எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கும். ஹாட்ஸ்பாட்டை வேலை முடிந்ததும் அணைக்க வேண்டும். ஊர் பேர், வண்டி நம்பர், சரக்கு எதையும் அதில் வைக்கக் கூடாது. பாஸ்வேர்டு பிரியாணி என்று வைக்கவே கூடாது. டிரைவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி தலையாட்டிவிட்டு, போனை எடுத்து ஆளாளுக்குத் தட்ட ஆரம்பித்தார்கள்.

ஜுபைர் வேடிக்கைக்காகத் தன் போனில் பெயர்களைப் பார்த்தான். ‘எறா’ மறைந்தது. ‘மொளகா’ மறைந்தது. ‘ஷூ குணா’ ஒரு நொடி தலைகாட்டிவிட்டு மறைந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் வேறொன்று முளைத்தது.

‘குணா திருடல.’

அவன் நிமிர்ந்து பார்த்தான். குணசேகரன் வண்டிக்குப் பக்கத்தில் போனோடு நின்றுகொண்டிருந்தான். வரிசையில் எங்கேயோ ஒரு ஹாரன் அடித்தது. அடுத்த வண்டியிலிருந்து இன்னொன்று. அப்புறம் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு வரிசை நெடுக ஹாரன் சத்தம் போயிற்று. கடலோரக் காக்காய்களெல்லாம் எழும்பிப் பறந்தன. பட்டம்மாள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“யோவ் குணா,” என்றாள் ரமாபாய், கண்டிப்பாக இருக்க முயன்றபடி. “இப்பதானே சொன்னேன், காத்துல ஒன்னியும் சொல்லாதன்னு?”

“ஒரு ராத்திரிக்கு மட்டும்மா. நாளைக்கு மாத்திடறேன்.” குணசேகரன் போனைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான். “எங்க வூடு புளியந்தோப்புல மூணாவது மாடி. காலையில இந்தத் தம்பி வந்தப்ப நீங்க ஒண்ணு சொன்னீங்களே, அது முன்னாடி வருது, நீ பின்னாடி வர்றன்னு. நான் படியேறும்போது செங்கொடி சீரியலு பாத்துகினு இருப்பா. அவ போனுக்கு மொதல்ல இது போவும். நான் அப்பால போறேன்.”

“நாளைக்கு மாத்த மறந்துடாத,” என்றாள் ரமாபாய். ஜுபைர் பட்டம்மாளிடம் போய், எல்லாருக்கும் டீ போடச் சொன்னான்.